கண்ணைத் தொடாத அறுவை சிகிச்சையில் பார்வை போவது எப்படி?

முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்தவர் "விளக்கை ஏன் அணைத்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். அறையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. வலி இல்லை, கண்ணில் சிவப்பு இல்லை, காயமும் இல்லை. பார்வை மட்டும் இல்லை.

இது மிக அரிதான சிக்கல். அமெரிக்காவில் 1996 முதல் 2005 வரை நடந்த 56 லட்சம் அறுவை சிகிச்சைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, முதுகெலும்புகளை ஒன்றாக இணைக்கும் அறுவையில் 10,000 பேருக்குச் சுமார் 3 பேரும், இதய அறுவையில் 10,000 பேருக்கு 8 அல்லது 9 பேரும் ஏதோ ஒரு வகையில் பார்வையை இழந்திருந்தார்கள். ஆக, பெரிய அறுவை என்றாலே கண் போய்விடும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த மூவரில் ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்துவிட்டால், "முதுகில் கத்தி வைத்ததற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்வி குடும்பத்தையே தூங்கவிடாது. யாரோ கண்ணை அழுத்திவிட்டார்கள், மயக்க மருந்து அதிகமாகிவிட்டது என்றெல்லாம் பேச்சு கிளம்பும். பெரும்பாலான நேரங்களில் நடந்தது வேறு. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்புக்குப் போதிய ரத்தம் போய்ச் சேரவில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

பார்வை நரம்பு என்பது விழித்திரையில் இருந்து மூளைக்குச் செல்லும் சுமார் 12 லட்சம் மெல்லிய இழைகளின் கட்டு. நீளம் 5 சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். கண் பார்க்கும் எல்லாமே இந்தக் கட்டின் வழியாகத்தான் மூளைக்குப் போக வேண்டும். வேறு பாதை கிடையாது. கையில் காலில் ஓடும் நரம்புகளைப் போன்றதல்ல இது. மூளையின் ஒரு பகுதியே நீண்டு கண் வரை வந்திருக்கிறது என்று சொல்வதுதான் சரி. மூளையைச் சுற்றியிருக்கும் மூன்று உறைகளும் இதையும் சுற்றியிருக்கின்றன. கை நரம்பு அறுந்தால் அதைத் தைத்துவிட்டு மெல்ல மெல்ல வளரும் என்று காத்திருக்கலாம். பார்வை நரம்பின் இழைகளுக்கு அப்படி மீண்டும் வளரும் திறன் இல்லை. போன இழை போனதுதான். இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

சரி, இந்த நரம்புக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது? கண்ணுக்கு வரும் ஒரு தமனி பல கிளைகளாகப் பிரிகிறது. நரம்பின் முன்பகுதி, அதாவது கண்ணுக்குள் வட்டமாகத் தெரியும் நரம்பு முனை, அந்தக் கிளைகளில் இருந்து ரத்தம் பெறுகிறது. அதற்குப் பின்னால், கண்குழிக்குள் இருக்கும் பகுதியின் நிலைமை இன்னும் மோசம். உறையில் ஓடும் மிக நுண்ணிய குழாய்களை நம்பித்தான் அது பிழைக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தான். பார்வை நரம்பின் இந்தப் பகுதிகள் உடலின் ரத்த ஓட்டத்தில் கடைமடையில் இருக்கின்றன. சிறுநீரகமும் இதயமும் தாங்கிக்கொள்ளும் ஒரு குறைவை இவை தாங்காமல் போகலாம். ஆளுக்கு ஆள் இந்த நுண்குழாய்களின் அமைப்பும் மாறுகிறது. ஒரே அறுவை, ஒரே மருத்துவர், ஒரே நேரம் என்றிருந்தும் ஒருவருக்கு நடந்து இன்னொருவருக்கு நடக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நரம்பு முனைக்குள் ரத்தம் நுழைய வேண்டுமானால், தமனியில் இருக்கும் அழுத்தம் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்தின் சராசரி 80, கண்ணின் அழுத்தம் 15 (இரண்டுமே மில்லிமீட்டர் பாதரச அளவில்) என்றால் ரத்தத்தைத் தள்ளுவதற்கு 65 மிச்சம். இப்போது ரத்த அழுத்தம் 60 ஆகக் குறைந்து, கண்ணின் அழுத்தம் 35 ஆக ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 25 தான். மானிட்டரில் தெரிவது அந்த 60 மட்டுமே. அறுவை அரங்கில் அது பலருக்குத் தாங்கக்கூடிய எண்தான். கண் பக்கம் ஏறியிருக்கும் அழுத்தம் எந்தத் திரையிலும் தெரியாது.

கண்ணின் அழுத்தம் ஏன் ஏற வேண்டும்? அங்கேதான் படுக்கும் நிலை வருகிறது. முதுகுத்தண்டு அறுவைக்கு நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பார்கள். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்கும் கண் அழுத்தம், மயக்கத்தில் குப்புறப் படுத்திருக்கும்போது நேரம் ஆக ஆக ஏறுகிறது. சில மணி நேரம் கழித்து அளந்து பார்த்த ஆய்வில் சராசரி 40 வரை போயிருக்கிறது. கண்ணை யாரும் தொடவில்லை. வயிறு அழுந்துகிறது, தலை இதயத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது, தலையில் இருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் தேங்குகிறது. அவ்வளவுதான்.

ரத்தம் தேங்குவதை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்கு வெளியே இருக்கும் பின்பகுதி நரம்பைப் பாதிப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு இருப்பதாக இப்போது நினைக்கிறார்கள். நீண்ட அறுவையில் ரத்தம் போகும். அதை ஈடுகட்ட நிறைய உப்புக் கரைசலை ஏற்றுவார்கள். அந்த நீர் ரத்தக் குழாய்களுக்குள் முழுவதும் தங்குவதில்லை, திசுக்களுக்குள் கசிகிறது. தாழ்ந்த இடத்தில் அதிகம் சேர்கிறது. குப்புறப் படுத்தவருக்குத் தாழ்ந்த இடம் முகம்தான். அதனால்தான் இத்தகைய அறுவைக்குப் பிறகு சிலருடைய முகமும் இமைகளும் அடையாளமே தெரியாத அளவுக்கு வீங்கியிருக்கும். வெளியே இமை வீங்கினால் விரிய இடம் இருக்கிறது. உள்ளே, இறுக்கமான உறைக்கும் எலும்புத் துளைக்கும் நடுவில் சிக்கிய நரம்பு வீங்கினால் எங்கே போகும்? தன்னைப் போஷிக்கும் நுண்குழாய்களையே நசுக்கும். ரத்தம் இன்னும் குறையும், வீக்கம் இன்னும் கூடும்.

இது எப்படித் தெரியவந்தது என்பதும் சொல்ல வேண்டிய விஷயம். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 1999இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. அறுவைக்குப் பிறகு பார்வை போனவர்களின் விவரங்களை, பெயர் இல்லாமல், எங்கிருந்து வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் ஒருமுறை பார்ப்பதே அரிது என்பதால், சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும் என்ற யோசனை. 2006இல் முதுகுத்தண்டு அறுவைக்குப் பிறகு பார்வை போன 93 பேரின் விவரங்கள் வெளியாயின. அவர்களில் 83 பேருக்குப் பார்வை நரம்பின் ரத்த ஓட்டக் குறைவே காரணம். அந்த 83 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரண்டு கண்களுமே பாதிக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்று 6 மணி நேரமோ அதற்கு மேலோ மயக்கம், அல்லது ஒரு லிட்டரோ அதற்கு மேலோ ரத்த இழப்பு.

அந்தப் பதிவேட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்குத் தலையை மெத்தையில் வைக்காமல், மண்டையோட்டில் ஊசி முனைகள் பொருத்திய சட்டத்தால் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். முகம் காற்றில் இருந்தது. கண்ணில் எதுவும் படவே இல்லை. அப்படியும் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. "யாரோ கண்ணை அழுத்திவிட்டார்கள்" என்ற விளக்கம் எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிறகு 2012இல், பார்வை இழந்த 80 பேரை, அதே போன்ற அறுவை செய்தும் பார்வை இழக்காத 315 பேரோடு ஒப்பிட்டார்கள். ஆபத்தைக் கூட்டியவையாகத் தெரிந்தவை: ஆணாக இருப்பது, உடல் பருமன், நீண்ட மயக்கம், அதிக ரத்த இழப்பு, ஏற்றிய திரவத்தில் கொலாய்டு வகையின் (உப்புக் கரைசலைவிட ரத்தக் குழாய்க்குள் அதிகம் தங்கும் திரவம்) பங்கு குறைவாக இருந்தது, அப்புறம் வில்சன் சட்டம். வில்சன் சட்டம் என்பது முதுகை வளைத்து வைக்க உதவும் வளைந்த தாங்கி. அதில் படுத்தால் தலை இதயத்தைவிடத் தாழ்ந்துவிடும். பலர் எதிர்பார்த்த ரத்த அழுத்தக் குறைவும் ரத்தசோகையும் இந்த ஒப்பீட்டில் தனித்த காரணங்களாகத் தலைகாட்டவில்லை. அவை பொருட்டில்லை என்று இதற்குப் பொருளில்லை. உள்ளே வரும் ரத்தத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தவர்கள், வெளியே போக முடியாமல் தேங்கும் ரத்தத்தையும் கவனிக்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான் வலுப்பெற்றது.

இதய அறுவையில் படுக்கும் நிலை பிரச்சினை இல்லை. இதய நுரையீரல் இயந்திரத்தில் ஓடும்போது ரத்தம் நீர்த்துப் போவது, அழுத்தம் மாறுவது, நுண்ணிய துணுக்குகள் குழாய்களை அடைப்பது போன்றவை அங்கே சேர்ந்துகொள்கின்றன. கழுத்தின் இரு பக்கமும் செய்யும் பெரிய புற்றுநோய் அறுவைகளிலும், தலையைத் தாழ்த்தி வைத்து ரோபோ உதவியோடு செய்யும் புராஸ்டேட் அறுவையிலும் அரிதாக இதே பாதிப்பு பதிவாகியிருக்கிறது.

கண் மருத்துவர் வந்து பார்க்கும்போது முதலில் செய்வது டார்ச் பரிசோதனை. ஒரு கண்ணில் வெளிச்சம் அடித்து, பாவை (கண்ணின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) சுருங்குவதைப் பார்த்து, உடனே அடுத்த கண்ணுக்கு வெளிச்சத்தை மாற்றுவார். நல்ல நரம்பாக இருந்தால் பாவை சுருங்கியே இருக்கும். பாதிக்கப்பட்ட நரம்புக்கு வெளிச்சம் வந்ததும் பாவை சுருங்குவதற்குப் பதில் விரியும். அந்தக் கண்ணின் வழியாகப் போகும் செய்தி பலவீனமாக இருப்பதால், மூளை இருட்டிவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு கண்களும் ஒரே அளவு பாதிக்கப்பட்டால் இந்த வேறுபாடு தெரியாது. இரண்டு பாவைகளுமே மந்தமாக இருக்கும். பிறகு உள்ளே பார்ப்பார். முன்பகுதி நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் நரம்பு முனை வீங்கியிருக்கும். பின்பகுதி என்றால் முதல் நாட்களில் கண்ணுக்குள் எல்லாமே சாதாரணமாகத் தெரியும். முதுகுத்தண்டு அறுவையில் அதிகம் வருவது இந்தப் பின்பகுதி வகைதான். "கண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்வை இல்லை" என்று மருத்துவர் சொன்னால் அவர் குழப்பவில்லை; நடந்ததைத்தான் சொல்கிறார். ஆறு முதல் எட்டு வாரங்கள் போன பிறகு நரம்பு முனை வெளுத்துத் தெரியத் தொடங்கும்.

அறுவைக்குப் பிறகு பார்வை குறைந்தால் எல்லாமே பார்வை நரம்பு என்று முடிவு கட்டவும் கூடாது. குப்புறப் படுத்தபோது தலை நகர்ந்து, தாங்கி ஒரு கண்ணின் மேல் அழுந்தினால் விழித்திரையின் தமனி அடைபடலாம். இது பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும் வரும். இமையைச் சுற்றிக் கன்றிப்போன அடையாளம் இருக்கலாம். மூளையின் பின்பகுதியில் பக்கவாதம் வந்தாலும் பார்வை போகும், ஆனால் பாவைகள் வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்கும். கருவிழியில் கீறல் விழுவதுதான் மிகச் சாதாரணமாக வருவது. அது உறுத்தும், நீர் வடியும், ஓரிரு நாளில் ஆறிவிடும். இவற்றோடு அவசரமாகக் கவனிக்க வேண்டிய இரண்டு உண்டு. ஒன்று, கண்ணின் அழுத்தம் திடீரென ஏறும் குளுக்கோமா: கடுமையான கண்வலி, சிவப்பு, வாந்தி. இன்னொன்று, சைனஸ் அல்லது இமை அறுவைக்குப் பிறகு கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது: கண் முன்னே தள்ளும், கல்லாக இறுகும். இந்த இரண்டிலும் உடனே அழுத்தத்தைக் குறைத்தால் பார்வையைக் காப்பாற்ற முடியும். ரத்தம் கட்டியதில் நிமிடங்கள்கூட முக்கியம்.

இதனால்தான் அறுவைக்குப் பிறகு பார்வையைச் சோதித்துப் பார்ப்பதை நான் அவ்வளவு வலியுறுத்துகிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். நோயாளி கண் திறந்து பேசத் தொடங்கியதும், ஒரு கண்ணை மூடச் சொல்லி விரல்களை எண்ணச் சொல்லுங்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி கேளுங்கள். அடுத்த கண்ணுக்கும் அதே போல. தனித்தனியாகப் பார்ப்பது அவசியம். இரண்டும் சேர்ந்து திறந்திருந்தால் ஒரு கண் போனது நாள்கணக்கில் தெரியாமலே போகும். மங்கலாக இருக்கிறது என்றால் முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்க்கலாம்: அறுவையின்போது கண் உலராமல் இருக்கக் களிம்பு போடுவார்கள், அதுவே மங்கலாக்கும். சுத்தமான ஈரத் துணியால் இமைகளை மென்மையாகத் துடைத்துவிட்டு, நாலு முறை இமைக்கச் சொன்னால் களிம்பால் வந்த மங்கல் குறையும். குறையவில்லையா, ஒரு பக்கம் இருட்டாக இருக்கிறதா, நிறம் வெளுத்துத் தெரிகிறதா, உடனே செவிலியரிடம் சொல்லிக் கண் மருத்துவரை வரவழைக்கக் கேளுங்கள். "மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை, காலையில் சரியாகிவிடும்" என்று விட்டுவிடும் இடத்தில்தான் நேரம் வீணாகிறது. பாதிப்பு கண் விழித்ததும் தெரியலாம், ஓரிரு நாள் கழித்தும் வரலாம். இதய அறுவை முடிந்து செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. குழாயை எடுத்த அன்றே அவரிடம் கேட்டுவிட வேண்டும்.

சிகிச்சை பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். பார்வை நரம்பின் ரத்த ஓட்டக் குறைவுக்கு, பார்வையை மீட்டுத் தரும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. ரத்தம் குறைவாக இருந்தால் ஏற்றுவார்கள், ரத்த அழுத்தத்தைச் சரிசெய்வார்கள், தலையை உயர்த்தி வைப்பார்கள், ஆக்சிஜன் தருவார்கள். ஸ்டீராய்டும் நீர் பிரியும் மருந்துகளும் சிலர் தருவதுண்டு, பலன் உறுதியில்லை. நரம்பின் உறையைக் கீறி அழுத்தத்தைக் குறைத்தால் என்ன என்றும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். அறுவை எதுவும் இல்லாமல் தானாக வரும் இதே போன்ற நரம்புப் பாதிப்புக்கு அதை அமெரிக்காவில் முறைப்படி சோதித்து 1995இல் முடிவை வெளியிட்டார்கள்: பயன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் கூட. சிலருக்கு முதல் வாரங்களில் பார்வை சற்றுத் திரும்பும். பலருக்கு இருந்த அளவிலேயே நின்றுவிடும்.

ஆகவே வருமுன் தடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. குப்புறப் படுக்க வைத்தாலும் தலையை இதயத்தின் மட்டத்திலோ அதற்கு மேலோ, கழுத்து திரும்பாமல் நேராக வைப்பது; வயிறு அழுந்தாத மேசையைப் பயன்படுத்துவது; மிக நீண்ட அறுவையாக இருந்தால் இரண்டு கட்டமாகப் பிரித்துச் செய்ய முடியுமா என்று யோசிப்பது; தமனிக்குள்ளேயே ரத்த அழுத்தத்தை இடைவிடாமல் அளப்பது; ஹீமோகுளோபினை இடையிடையே பார்ப்பது; உப்புக் கரைசலோடு கொலாய்டும் சேர்த்து ஏற்றுவது; தாங்கியில் கண் படவில்லை என்று அடிக்கடி குனிந்து பார்ப்பது. இவற்றில் பலவற்றை அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் 2006 முதல் சொல்லி வருகின்றன. அமெரிக்காவில் முதுகெலும்பு இணைப்பு அறுவைக்குப் பிறகு வரும் நரம்புப் பாதிப்பு, 1998 முதல் 2012 வரையிலான ஆண்டுகளில் குறைந்தும் இருக்கிறது.

நம் பங்குக்கு, அறுவைக்கு முன் மயக்க மருத்துவரைச் சந்திக்கும் நேரத்தை வீணாக்கக் கூடாது. எத்தனை மணி நேரம் ஆகும், குப்புறப் படுக்க வேண்டுமா, எவ்வளவு ரத்தம் போகலாம், தலையை எப்படி வைப்பீர்கள் என்று கேட்கலாம். நல்ல மருத்துவர் இதற்குக் கோபிக்க மாட்டார். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு அடைப்பு, குளுக்கோமா, முன்பே ஒரு கண்ணில் நரம்புப் பாதிப்பு வந்தது என எது இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையை அறுவை நாளன்று போடுவதா நிறுத்துவதா என்பதை அவரே சொல்லட்டும். நாமாக முடிவு செய்யக் கூடாது. முன்கூட்டியே கண் பரிசோதனை செய்துகொண்டால் யாருக்கு வரும் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் நீண்ட குப்புற அறுவைக்கு ஒப்புதல் வாங்கும்போது பார்வை இழப்பு என்ற சாத்தியத்தையும் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரிது என்பதற்காக மறைப்பது சரியல்ல. இழப்பு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு.

பார்வை போய்விட்ட குடும்பங்களுக்கு ஒரு விஷயம். "நரம்பை மீண்டும் வளர வைக்கிறோம்" என்று ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கேட்பவர்கள் வருவார்கள். அமெரிக்காவில் வேறொரு கண் நோய்க்காக இப்படிப் பணம் கட்டி ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்கள், இருந்த பார்வையையும் இழந்ததை 2017இல் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. முறையான ஆய்வில் சேர்வதற்கு நோயாளியிடம் பெருந்தொகை கேட்க மாட்டார்கள். அந்தப் பணமும் நேரமும் குறைபார்வைப் பயிற்சிக்குப் போகட்டும். மிச்சம் இருக்கும் பார்வையின் எந்தப் பக்கம் தெளிவாக இருக்கிறது என்று கண்டுபிடித்து அதை வைத்துப் படிக்கச் சொல்லித் தருவார்கள். வெள்ளைக் கோலோடு நடக்கவும், திரையை வாசித்துச் சொல்லும் வசதியோடு போனைப் பயன்படுத்தவும் பழக்குவார்கள். இதைத் தொடங்க நரம்பு முனை வெளுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதுகில் போட்ட தையல் பிரித்து எழுந்து நடக்க அனுமதி கிடைத்ததுமே தொடங்கலாம்.